பைக் கேமுக்குப் படித்துக்கொண்டு போனவன்

1. மூன்றாவது லேப்

மூன்றாவது லேப் முடிவதற்குள் கேமராவின் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டார்கள். பட்டன் வைத்த கேம் பேடைக் கையில் பிடித்திருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. திரையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு மஞ்சள் பைக் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் அதைத் தாண்டிவிட்டால் நான்தான் முதல். எனக்குப் பின்னால் கிளையன்ட் கம்பெனியிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரர் தணிந்த குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எங்கள் டீம் லீட் பிரகாஷ் வந்து என் தோளில் கை வைத்தார்.

"போதும் கௌதம். பேட் கீழ வெய்."

"சார், ஃபர்ஸ்ட் வரப்போறேன் சார்."

"அதுதான்ப்பா பிராப்ளம்."

கேம் டெஸ்டிங் வேலைக்குப் போகலாமா என்று அல்சூர் பையன்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். விளையாடினால் சம்பளமாமே என்கிறார்கள். ஆமாம், சம்பளம் உண்டு. அந்த அறையில் அன்று எனக்கு என்ன நடந்தது, அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

2. தெரியாது என்பதே தகுதி

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பீன்யாவில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, எட்டு மாதம் அலைந்து, கோரமங்களாவில் மூன்றாவது மாடியில் இருந்த இந்தக் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். டி.வி. பெட்டிகள் இன்னும் குண்டாக இருந்த காலம். வெளிநாட்டுக் கம்பெனிகள் கேம் செய்து அனுப்பும். இங்கே உட்கார்ந்து அதில் என்ன கோளாறு என்று பார்த்து எழுத வேண்டும்.

பிரகாஷ் கேட்ட முதல் கேள்வியே என்னைத் தலை குனிய வைத்தது. "வீடியோ கேம் என்னென்ன ஆடியிருக்கே?"

"ஒண்ணும் ஆடினதில்ல சார்."

"ஒண்ணுமேவா? மொபைல்ல?"

"வீட்ல மொபைல் இல்ல சார்."

அவர் கன்னடக்காரர். அல்சூர், சிவாஜி நகர் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார். பக்கத்தில் இருந்த ஹெச்.ஆர். அம்மாவிடம், "நோடி மேடம், பாருங்க, இந்த மாதிரி ஆளு இந்த ஊர்ல கிடைக்கறதே கஷ்டம்" என்று சிரித்தார். ஆறு மாதக் கான்ட்ராக்ட் கொடுத்தார்கள். இரக்கப்பட்டுத்தான் வேலை தந்தார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

இரக்கம் இல்லை. ஒரு கேமை வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறவனுக்கு அது புதிதாகக் கையில் எடுப்பவனுக்கு எப்படித் தெரியும் என்பது மறந்துபோய்விடும். அதனால் எதுவும் தெரியாத ஓர் ஆளை உட்கார வைத்து, முதல் இருபது நிமிடம் அவன் எங்கே தடுமாறுகிறான், எங்கே சிரிக்கிறான், எந்த இடத்தில் சலித்துப்போய் பேடைக் கீழே வைக்கிறான் என்று பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் ஷீட், அதாவது மனதில் விழும் முதல் பதிவைக் குறிக்கும் தாள். ஒரு கேமுக்கு ஓர் ஆளை ஒரே ஒரு முறைதான் இப்படி உட்கார வைக்க முடியும். மறுமுறை உட்கார்ந்தால் அவனுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். தொழிலில் அந்த ஆளுக்கு டிஷ்யூ டெஸ்டர் என்று பெயர். மூக்கைத் துடைத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

முதல் சம்பளத்தன்று அப்பா கேட்டார்: "அப்புறம், ஆபீஸ்ல என்னாடா வேல குடுத்தாங்க?"

"கிரிக்கெட் கேம் ஆடினேன்ப்பா."

"ஜெயிச்சியா?"

"இல்ல. இருபது நிமிஷத்துல ஏழு தடவ அவுட்டு. நல்லா பண்ணேன்னாரு லீடு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அவுட்டானா சம்பளம் குடுக்கறானாம்டி. ஒன் புள்ளைய எங்கியோ ஏமாத்தப் போறானுங்க, பாத்துக்கோ."

கிரிக்கெட், சீட்டாட்டம், பந்து உருட்டுவது என்று ஐந்து மாதம் ஓடியது. ஒவ்வொன்றிலும் என் தெரியாமை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஐந்தாவது மாதக் கடைசியில் பிரகாஷ் கூப்பிட்டார். பெரிய மோட்டார் சைக்கிள் ரேஸ் கேம் ஒன்று, இரண்டாம் பாகம், வருகிறது என்றார். கிளையன்ட் நேரில் வருகிறார். திருப்தியாக இருந்தால் டெஸ்டிங் முழுவதும் எங்கள் ஆபீஸுக்கே வரும். அதற்குப் பர்மனென்டாக ஒரு சீட்.

"பைக் கேமு ஆடாதவன் கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல நீ ஒருத்தன்தான். ஷீட் நல்லா வந்தா பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரு போடறேன். ஒண்ணே ஒண்ணு. வெறும் ஆளா வா. எதையும் பாக்காதே, யாரையும் கேக்காதே. ஆய்த்தா?"

"ஆயிடுச்சு சார்" என்றேன்.

3. பத்து நாள் படிப்பு

அவர் சொன்னது புரியவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நன்றாகப் புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை. பர்மனென்ட் வேலைக்கு ஒரு பரீட்சை, அதற்குப் படிக்காமல் வா என்கிறார்கள் என்றால், படித்துவிட்டு வருகிறவனுக்காக வைத்த சோதனை அது என்று தோன்றியது. நான் எதையும் படிக்காமல் வாங்கியதில்லை. பத்தாம் வகுப்பு மேத்ஸில் எனக்கு முப்பத்தைந்து வந்ததே, அதுவும் மனப்பாடம் செய்த முப்பத்தைந்துதான். தெரியாதவனாய்ப் போய் நிற்பதுதான் எங்கள் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. அதிலிருந்து வெளியே வரத்தானே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்?

அல்சூர் கடைத்தெருவுக்குப் பின்னால் சாதிக் பாயின் கேம் பார்லர் இருந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடலாம். அந்த பைக் கேமின் முதல் பாகம் அவரிடம் இருந்தது. ஆபீஸ் விட்டதும் நேராக அங்கே போனேன்.

உண்மையில் என் முதல் பதிவு அங்கேதான் நடந்தது. அதை யாரும் ஷீட்டில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். எஞ்சின் சத்தம் பைக்கிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. மிக்சி ஓடுவது போல் இருந்தது. ஓட்டுகிறவனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவன் முகத்தை எங்குமே காட்டவில்லை; அதனால் அவன் நான்தான் என்று ஒரே நிமிடத்தில் நம்பிவிட்டேன். ரோடு நம்மை நோக்கி ஓடி வருகிறது, நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம். வளைவு வந்ததும் பைக் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். சாய்ந்து, பக்கத்து ஸ்டூலில் இருந்தவரின் டீயைக் கொட்டினேன்.

"அரே பாய், வண்டி டி.வி.ல ஓடுது. நீ ஏன் ஸ்டூல்ல சாயுறே?" என்றார் சாதிக் பாய்.

"தன்னால சாயுது பாய்."

"எல்லாருக்கும் மொதல்ல அப்டித்தான். ஒடம்ப விட்ரு. கட்ட வெரல் மட்டும் வேல செய்யணும். கோந்து போட்டு ஒக்கார வச்ச மாரி ஒக்காரு."

பத்து நாள் போனேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் டிராக்கில் மொத்தம் பதினொரு வளைவு. 'இரண்டாவது வளைவு: டயர் அடுக்கு வந்ததும் பிரேக், கூட்டம் தெரிந்ததும் விடு.' 'ஆறாவது: பிரேக் வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டால் போதும்.' இப்படி டிராயிங் போட்டு, சிவப்பு மையில் கோடிட்டு எழுதினேன். எட்டாவது நாள் சாதிக் பாயையே தோற்கடித்தேன். அவர் பேடைக் கொடுத்துவிட்டு, "இதுக்கு டிகிரி குடுத்தா நீ கோல்ட் மெடல்ப்பா" என்றார். அதை நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

4. நோட்டைக் காட்டினேன்

டெஸ்ட் அன்று பில்டை, அதாவது அதுவரை செய்து முடித்திருந்த கேமை, ஓட விட்டார்கள். இரண்டாம் பாகத்தின் முதல் டிராக், முதல் பாகத்தின் அதே டிராக். பெயின்ட் மட்டும்தான் புதிது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. படித்த கேள்வியே பேப்பரில் வந்துவிட்டது!

நான் என்ன செய்தேன் என்று வெள்ளைக்காரர் பிற்பாடு பிரகாஷிடம் விளக்கியிருக்கிறார். வளைவு திரையில் தெரிவதற்கு முன்பே நான் பிரேக் பிடித்தேனாம். அதைவிட, உடம்பு. முதல் முறை பைக் கேம் ஆடுகிற எவனும் வளைவில் சாயாமல் இருக்க மாட்டானாம். நான் கோந்து போட்டு ஒட்டினது போல் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு அணைந்த பிறகு அவர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதற்கு முன் இந்த கேமை ஆடியிருக்கிறாயா என்று பொறுமையாகவே கேட்டார்.

நான் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. "யெஸ் சார். டென் டேஸ். ஐ பிரிப்பேர்ட் வெரி வெல் சார்" என்று சொல்லி, பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே காரிடாரில் பிரகாஷ்தான் திட்டினார். "ஏன் மாடிபிட்டே மாராயா! என்னா காரியம் பண்ணிட்டே! வெறும் ஆளா வான்னு எவ்ளோ தடவ சொன்னேன்? அந்தாளு நாளைக்குக் காலைல ஃப்ளைட். இப்ப நான் எங்க போயி ஆளு தேடுவேன்?"

"சார், லிஸ்ட்..."

"எந்த லிஸ்ட்டு? அடுத்த மாசம் உன் கான்ட்ராக்டே கெடயாது, போ."

5. ஸ்டெல்லா அக்கா

காரிடாரின் கோடியில் ஸ்டெல்லா அக்கா மாப் போட்டுக்கொண்டிருந்தார். ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி மூலம் வந்தவர், விவேக் நகர். நாற்பது வயதிருக்கும். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவார்; அன்றைக்கு மட்டும் எங்கள் தளம் தாமதமாகச் சுத்தமாகும். பிரகாஷ் அவரைப் பார்த்தபடியே நின்றார்.

"அக்கா, வீடியோ கேமு ஆடியிருக்கீங்களா?"

"எதுக்கு சார்? எதாச்சும் ஒடஞ்சி போச்சா? நான் தொடலீங்க. தொணி வச்சித் தொடைக்கறதோட சரி."

பத்து நிமிடத்தில் அவர் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பால் பேடை ஒரு முறை துடைத்தார். அவருக்குத் தமிழும் கன்னடமும்தான் தெரியும். பதற்றத்தில் அவர் வேகமாகப் பேசும் தமிழ் பிரகாஷுக்குப் பாதிதான் பிடிபடும்; அதை இங்கிலீஷில் சொல்ல ஆள் வேண்டும். அதற்கு மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"எதப் புடிக்கணும் தம்பி?"

சொல்லக் கூடாது என்று பிரகாஷ் கை காட்டினார். அக்கா எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். பைக் சீறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"அய்யோ மாதாவே! செத்துட்டானா அவன்?"

"இல்லக்கா. எழுந்திருப்பான்."

"எப்பா, எழுந்துட்டான். பாவம், ஒரு கட்டுகூடப் போடாம திரும்ப ஏறிட்டான் பாரு." பிறகு வளைவு வந்தது. அக்கா பைக்கோடு சேர்ந்து நாற்காலியில் முழுக்கச் சாய்ந்தார். கேமராக்காரர் கேமராவைத் திருப்ப வேண்டியதாயிற்று. "ஏய், ஏய், திரும்புடா! தம்பி, இந்த வண்டில பிரேக்கு எங்க வச்சாங்க? ஆக்ஸிலேட்டர எல்லாம் நல்லாக் கைக்குக் கெடைக்கற மாரி வச்சிட்டு, பிரேக்க மட்டும் ஒளிச்சி வச்சிருக்கான்."

நான் சொன்னதை வெள்ளைக்காரர் வேகவேகமாக எழுதிக்கொண்டார்.

"எல்லாரும் எனக்கு முன்னாடி பூட்டாங்க. இப்ப நான் மட்டும் தனியா போறேன். கடைசி ஆளுக்கு இந்த கேமுல என்னா வேல? வேடிக்க பாக்கறதா?"

அதையும் சொன்னேன். வெள்ளைக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். இருபது நிமிடம் என்றது ஐம்பது நிமிடம் ஆனது. கடைசிக்குச் சற்று முன் அக்கா ஒரே ஒருவனைத் தாண்டினார். கடைசிக்கு முந்தின இடம். எழுந்து நின்று கை தட்டினார். அறையில் இருந்த எல்லோரும் தட்டினார்கள், நானும்தான்.

அன்று மாலைக்குள் ஷீட் போக வேண்டும். அக்கா சொன்னதை எல்லாம் நான்தான் வரிசைப்படுத்தி எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல ரிப்போர்ட் அதுதான். பிரேக் பட்டன், கடைசி ஆளின் நிலைமை, விழுந்தவன் எழும் விதம் என்று ஒன்றையும் விடவில்லை. நானாக ஒரு வரி சேர்க்கவும் இல்லை. சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த கேம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

6. கேட்ட கேள்விக்குப் பதில்

இரண்டு நாள் கழித்து பிரகாஷ் என்னைக் கூப்பிட்டார். முகம் தெளிந்திருந்தது. புராஜெக்ட் கிடைத்துவிட்டது. கிளையன்ட் மெயிலைக் காட்டினார். ஷீட் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு பத்தி. அந்த அம்மா பேசிக்கொண்டே ஆடுவது தங்களுக்கு மிகவும் உதவுகிறது; தெரியாத ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்று பார்க்க, ஒவ்வொரு பில்டுக்கும் அவரையே உட்கார வைக்க முடியுமா?

"என்ன சொல்றே கௌதம்? அந்தக்காவ டீம்ல எடுக்கறதுன்னா அந்த ஒரு சீட்டுதான் இருக்கு. ஹவுஸ்கீப்பிங்ல இருந்து எடுத்தா ஹெச்.ஆர். கேள்வி கேப்பாங்க, அத நான் பாத்துக்கறேன். ஆனா வேலைக்கு ஆவாங்களா? உனக்குத்தான அவங்க பேசறது புரியுது. நீ சொல்லு."

மெயிலை இரண்டு முறை படித்தேன். அவர்கள் கேட்டிருப்பது முதல் பதிவு இல்லை என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. கற்றுக்கொள்கிற ஆளைக் கேட்கிறார்கள். அதற்கு ஸ்டெல்லா அக்காவை விடப் பொருத்தமான ஆள் இல்லை.

"அவங்க இனிமே ஃப்ரெஷ் இல்ல சார்" என்றேன்.

பிரகாஷ் யோசித்தார்.

"ஒரு தடவ ஆடிட்டாங்க இல்லியா சார். இனிமே தெரிஞ்ச ஆளுதான். அதுவும் இல்லாம இங்கிலீஷ் தெரியாது, ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்துல ஒக்காந்து சொல்லணும். அதுக்கு நானே வேற வேற ஆளுங்களக் கூட்டிட்டு வந்து ஷீட் எழுதிக் குடுத்துடறேன். அல்சூர்ல, பீன்யால எங்க ஆளுங்க எவ்ளோ பேர் வேணும் சார்?"

"கரெக்ட்டு" என்றார் பிரகாஷ். "டிஷ்யூவ ரெண்டு தடவ யூஸ் பண்ண முடியாது."

அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

அடுத்த மாதம் எனக்குப் பர்மனென்ட் லெட்டர் வந்தது. அப்பா அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அம்மா தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள்.

ஸ்டெல்லா அக்காவுக்கு கம்பெனி பெயர் போட்ட ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். ஆண்கள் சைஸ். சில வாரம் கழித்து என் மேஜைக்குக் கீழே துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, அந்த வெள்ளக்காரரு திரும்பக் கூப்டலியா? கோவிலாண்ட கடைல அந்த மாரி கேமு வச்சிருக்கான். எம் பையனக் கூட்டினு போயி மூணு நாலு தடவ ஆடினேன். இப்ப சொவத்துல முட்டாமப் போறேன். கூப்டா ரெடியா இருக்கலாம்னுதான்."

என்னைப் போலவே படித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் படித்ததுதான் தப்பு; அக்கா படித்தது தப்பில்லை. அவரிடமிருந்து அவர்கள் கேட்டதே அதைத்தான். அந்த ஆபீஸில் அது எனக்கு மட்டும்தான் புரிந்திருந்தது.

"இல்லக்கா. ஒரு தடவதான் கூப்பிடுவாங்க" என்றேன்.

"ஓ" என்றார். "ஒனக்காச்சும் லெட்டரு வந்துச்சே. வியாழக்கெழம ஒம் பேர்லயும் ஒரு மெழுவத்தி ஏத்தினேன்." பிறகு என் காலை நகர்த்தச் சொல்லிவிட்டு, அந்த இடத்தைத் துடைத்தார்.

7. சேரப்போகிறவர்களுக்கு

அந்த கேம் வந்தது. பிரேக் பட்டனை மாற்றியிருந்தார்கள். கடைசியில் வருகிறவர்களுக்கு அவர்களுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்திருந்தார்கள். கேம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில், டெஸ்டிங் என்பதற்குக் கீழே, என் பெயர் இருக்கிறது.

நான் அந்தச் சீட்டில் நாலு வருடம் இருந்தேன். அல்சூரிலிருந்தும் பீன்யாவிலிருந்தும் முப்பது நாற்பது பேரைக் கூட்டிவந்து, ஆளுக்கு ஒரு முறை உட்கார வைத்து, ஒரு டீயும் பஸ் காசும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் வளைவில் சாய்ந்தார்கள். பாதிப் பேர் போகும்போது, "நாளைக்கும் வரட்டா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

இந்த வேலையில் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உங்களிடம் என்ன இருக்கிறதென்று கம்பெனி உங்களை எடுக்கிறது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் தெரியாமையாக இருந்தால், அது தீர்ந்துபோகும். அதற்குள் வேறொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். நான் வேறொன்றைக் கற்றுக்கொண்டேன். தெரிந்தவன் வேண்டாம் என்று என்மேல் வைத்து அழுத்தின சட்டத்தை எடுத்து, எனக்குக் கீழே இருந்தவர்மேல் வைத்து அழுத்தக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பத்து நாள் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கேட்ட உடனே வாயில் வந்துவிட்டது.